பச்சை விளக்கு சீக்கிரமே எரிந்தது: மோட்டார்ஹோமில் லித்தியம் சார்ஜர் மாட்டிய அனுபவம்

பேட்டரி 200 ஆம்பியர்-அவர். 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. சார்ஜர் 30 ஆம்பியர். ஏற வேண்டிய 160ஐ 30ஆல் வகுத்தால் 5 மணி 20 நிமிடம் வருகிறது. புது சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததோ 3 மணி 20 நிமிடத்தில். "பரவாயில்லையே, சொன்னதைவிட வேகமாக வேலை செய்கிறதே" என்று ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. வாங்காத மின்சாரம் எப்படி உள்ளே போயிருக்கும்?

முதலிலிருந்து சொல்கிறேன்.

வண்டியில் இரண்டு பேட்டரிகள். என்ஜினைக் கிளப்ப ஒன்று. விளக்கு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்ப் எல்லாவற்றுக்கும் இன்னொன்று. இரண்டாவதை வீட்டு பேட்டரி என்றே இங்கே சொல்கிறேன். அது லெட் ஆசிட்டாக இருந்தது, ஆயுள் முடிந்துபோனதால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றை அதே இடத்தில் உட்கார வைத்தேன். அந்த வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய சார்ஜரோடு கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதன் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தபிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

காரணம் மூன்று. முதலாவது, ஆசிட் பேட்டரியின் தகடுகளில் படியும் சல்ஃபேட்டை நீக்குவதற்கென்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அந்த நேரத்தில் வோல்ட்டேஜ் 15க்கு மேலே போகும். லித்தியம் பேட்டரியில் நீக்குவதற்கு சல்ஃபேட்டே கிடையாது. நான்கு செல், ஒவ்வொன்றுக்கும் உச்சம் 3.65 வோல்ட், ஆக மொத்தம் 14.6. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் மின்னணுச் சுற்று) பேட்டரியையே துண்டித்துவிடும். இரண்டாவது, குளிர் கூடக் கூட பழைய சார்ஜர் தானாகவே வோல்ட்டேஜை ஏற்றும். ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 3 மில்லிவோல்ட் என்று வைத்தால் ஆறு செல்லுக்கு 18. 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் 0.36 வோல்ட் கூடுதல். ஆசிட் பேட்டரிக்கு அது மருந்து. லித்தியத்துக்கு வேண்டாத வேலை. மூன்றாவது, 13.8ல் நாள் கணக்காக விடாமல் பிடித்து வைத்திருக்கும் ஃப்ளோட். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தால் அதிகம் இறங்காது, அதை முழுவதுமாக ஏற்றியே வைத்திருப்பதுதான் அதற்கு வயதாக்கும்.

எனவே லித்தியத்துக்கென்று தனி முறை உள்ள 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்று வாங்கினேன். 40 ஆம்பியரும் போட்டிருக்கலாம், என் பேட்டரி தாங்கும். ஆனால் 30 ஆம்பியர் 14.4 வோல்ட்டில் என்றால் 432 வாட். சார்ஜருக்குள் வீணாவதையும் சேர்த்து 230 வோல்ட் பக்கம் 480 வாட், அதாவது 2 ஆம்பியருக்குச் சற்று மேல். சின்ன ஜெனரேட்டரில் ஓட்டினாலும் முனகாது. 30 போதும் என்று முடிவு செய்தேன்.

பிரிக்கும்போது வரிசை முக்கியம். வெளி மின் இணைப்பின் பிளக்கைப் பிடுங்கினேன். அடுத்து சோலார் பேனல், அதன்பிறகுதான் பேட்டரி. பேனல் வெயிலில் இருக்கும்போது பேட்டரியை முதலில் கழற்றினால் சோலார் கன்ட்ரோலருக்குப் பிடிமானம் போய்விடும். சிலது அதில் கெட்டே போகும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி வைத்தாயிற்று. ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது, சரி. ஆனால் ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும். இரும்பு உருகி ஒட்டிக்கொள்ளும். மோதிரம் வழியாக அது நடந்தால் விரல் மிஞ்சாது.

பழைய சார்ஜர் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. பேட்டரி முன் இருக்கைக்குக் கீழே. நடுவில் சுவர்ப் பலகைக்குள் 6 ஸ்கொயர் எம்.எம். கேபிள், பாசிட்டிவ் நெகட்டிவ் இரண்டும் தலா 5 மீட்டர். வண்டி கட்டியவர்கள் அப்படித்தான் போட்டிருந்தார்கள். புது சார்ஜரும் அதே இடத்தில் அளவாகப் பொருந்தியது. நான்கு ஸ்க்ரூ, இரண்டு கேபிள், ஒரு பிளக். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கையைத் துடைத்தேன். பலகையைக் கழற்ற சோம்பல்பட்டதுதான் உண்மை. "இத்தனை வருஷம் ஓடிய கேபிள்தானே" என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. பழைய சார்ஜர் 16 ஆம்பியர்தான் தந்தது என்பதை அந்த மனசு சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு தப்பு வெளியே வந்தது. சார்ஜரின் திரையில் 30 ஆம்பியர் என்கிறது. பேட்டரி மானிட்டரில் பூஜ்யம். நெகட்டிவ் கேபிளை நேராக பேட்டரி முனையில் கொண்டுபோய் மாட்டியிருந்தேன். மானிட்டர் கணக்கெடுப்பது ஷன்ட் (ஓடும் ஆம்பியரை அளக்க நெகட்டிவ் பக்கம் வைக்கும் சிறு தடை) வழியாகப் போவதை மட்டும்தான். ஷன்ட்டின் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் மற்ற எல்லாமும்; சார்ஜரும் அந்த மறுபக்கத்துக்குத்தான் போக வேண்டும். மாற்றி மாட்டியதும் எண் வந்துவிட்டது. லித்தியத்தில் இந்த மானிட்டர் இல்லாமல் குருட்டு வண்டிதான். ஆசிட் பேட்டரியில் வோல்ட்டேஜைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். இதில் 40 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவே 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே அதிகம்.

இப்போது அந்தப் பச்சை விளக்குக்கு வருவோம். காலையில் மானிட்டர் 70 சொச்சம் காட்டியது. முந்தின நாள்தான் ஷன்ட்டில் கை வைத்திருந்ததால் நான் மானிட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். 100 என்று கையால் திருத்திவிட்டுப் போயிருப்பேன். நல்லவேளை, போகவில்லை. பேட்டரியை மறுபடி 20க்கு இறக்கி, சார்ஜரைப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு மணி 20 நிமிடத்தில் சார்ஜர் 14.4 வோல்ட்டைத் தொட்டுவிட்டது. அடுத்த கட்டம் தொடங்கியது. கணக்குப்படி பேட்டரி அப்போது 40 சதவீதம். 40ல் 14.4 வருவதற்கு வாய்ப்பே இல்லை. நான் அலமாரிக்குள் தலையை விட்டு சார்ஜரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். மகள் முன் இருக்கையில் உட்கார்ந்து போனில் பேட்டரியின் செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு 14.4. உனக்கு?"

"13.3ப்பா."

"நல்லா பாரு."

"எத்தனை தடவை பார்த்தாலும் 13.3தான்ப்பா இருக்கும்."

1.1 வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது.

இனி நடந்ததெல்லாம் அந்த 1.1ன் விளைவு. சார்ஜருக்குத் தன் முனையில் இருக்கும் வோல்ட்டேஜ்தான் தெரியும். 14.4 வந்துவிட்டது, பேட்டரி நிறையப்போகிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு மணி நேரக் கடிகாரத்தை ஓடவிட்டது. அந்த இரண்டு மணி நேரமும் 28 ஆம்பியர் போய்க்கொண்டுதான் இருந்தது. நிறைந்துவிட்ட பேட்டரி இவ்வளவு வாங்காது என்று அதற்குத் தோன்றவில்லை, இந்த மாடலில் கடிகாரம் மட்டும்தான். கடிகாரம் முடிந்ததும் 13.5க்கு இறங்கிப் பச்சை விளக்கைப் போட்டது. 68 சதவீதம். அதற்குப்பிறகு 4 ஆம்பியர் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ராத்திரி முழுக்க விளக்கும் ஃப்ரிட்ஜும் அந்தச் சொட்டையும் குடித்துவிட்டதால்தான் காலையில் 70 சொச்சத்திலேயே நின்றிருக்கிறது.

இழப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையை சார்ஜரின் பாசிட்டிவிலும் மறு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். கை எட்டாது, ஒரு நீள ஒயரை ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டும். அதில் மின்சாரம் ஓடப்போவதில்லை என்பதால் மெல்லிய ஒயரே போதும். சார்ஜர் முழு ஆம்பியரில் ஓடும்போது மீட்டர் காட்டுவதுதான் அந்தப் பக்கத்தின் இழப்பு. எனக்கு பாசிட்டிவ் பக்கம் 0.66, நெகட்டிவ் பக்கம் 0.44. இரண்டும் ஒரே நீளம், ஒரே கேபிள். பாசிட்டிவில் மட்டும் 0.22 கூடுதல் என்றால் அங்கே இருக்கும் ஃபியூஸ் ஹோல்டர்தான். கழற்றிப் பார்த்தேன். 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி ஓரத்தில் நெளிந்திருந்தது. 0.22 வோல்ட்டை 30ஆல் பெருக்கினால் 6.6 வாட், தீப்பெட்டி அளவு இடத்தில் மணிக்கணக்காக அவ்வளவு சூடு. இது இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் நான் எழுதுவது வேறு கதையாக இருந்திருக்கும்.

கேபிளின் கணக்கு மீட்டரோடு ஒத்துப்போனது. செம்பின் தடை 1 ஸ்கொயர் எம்.எம்.க்கு ஒரு மீட்டருக்கு சுமார் 0.0175 ஓம். போக வர 10 மீட்டர், 6ஆல் வகுத்தால் 0.029 ஓம். 30 ஆம்பியருக்கு 0.87 வோல்ட். இதைக் கடைசியில் போட்டதற்கு முதலில் போட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். கேபிள் சூடாகிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு "தாங்குகிறது" என்று சொல்லிவிடுகிறோம். தாங்குவது வேறு, சரியாகக் கொண்டு சேர்ப்பது வேறு. 6 ஸ்கொயர் எம்.எம். 30 ஆம்பியரைத் தாங்கத்தான் செய்தது.

தடிமனான கேபிள் இழுப்பதா, சார்ஜரையே பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுபோவதா? முதலாவதைத்தான் முதலில் யோசித்தேன். அந்த 5 மீட்டருக்கு 35 ஸ்கொயர் எம்.எம். போட்டாலும் 0.15 வோல்ட் போகும், பலகைக்குள் அதை வளைத்துத் திருப்புவதற்குள் உயிர் போகும். இரண்டாவதில் நீட்ட வேண்டியது 230 வோல்ட் பக்கம். அங்கே ஓடுவது 2 ஆம்பியர்தான். 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 5 மீட்டர் கூட்டினால் கால் வோல்ட் போகும், 230ல் கால் வோல்ட் யாருக்குத் தெரியும்? 12 வோல்ட் பக்கம் சுருங்கட்டும், 230 பக்கம் நீளட்டும் என்று முடிவானது.

இருக்கைப் பெட்டிக்குள் பேட்டரிக்கு அடுத்த அறையில், செங்குத்தாக, காற்றுத் துளைகள் மேலும் கீழும் வரும்படி சார்ஜரை நிறுத்தினேன். முழு ஓட்டத்தில் சுமார் 50 வாட் சூடு வெளியே வரும். அதற்காகப் பெட்டியின் இரு பக்கமும் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகத் துளையிட்டு வலை அடித்தேன். மரப்பலகைக்கும் சார்ஜருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள், ஒன்றின் சூடு மற்றதற்கு வேண்டாம்.

கேபிள் 16 ஸ்கொயர் எம்.எம்., தலா 80 சென்டிமீட்டர். கேபிள் முனையில் லக் (போல்ட் நுழையும் வளையம்) நசுக்கி அடிக்க அறுகோண கிரிம்பிங் டூல் ஒன்றைக் கடன் வாங்கினேன். சுத்தியலால் தட்டி, மேலே ஈயம் ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. வண்டி அதிரும், ஈயம் ஏறிய இடத்தில் இழைகள் விறைத்து, அது முடியும் இடத்தில்தான் முறியும். அடித்தபின் பலமாக இழுத்துப் பார்த்து, ஸ்லீவ் ஏற்றிச் சூடு காட்டினேன். மாட்டும்போது இன்னொரு பழைய தப்பு கண்ணில் பட்டது. இன்வெர்ட்டர் கேபிளில் லக்குக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர். போட்டவன் நானேதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மின்சாரம் கடத்துவதில் செம்பைவிட சுமார் 40 மடங்கு மட்டம். முனை மேல் நேராக லக், அதன் மேல் வாஷர், கடைசியில் ஸ்ப்ரிங் வாஷர், போல்ட். 30 ஆம்பியரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. 100, 150 இழுக்கும் இன்வெர்ட்டரில் அந்த இடம் சுடும்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது சார்ஜரைக் காப்பதற்கு இல்லை. கேபிள் எங்காவது உராய்ந்து ஷார்ட் ஆனால் மின்சாரம் வருவது பேட்டரியிலிருந்துதான். போல்ட் போட்டு முடுக்கும் வகையில் 40 ஆம்பியர் போட்டேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் முதன்மை கேபிளுக்குத் தனியாக கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் ஏற்கெனவே உண்டு. அது 20,000 ஆம்பியர் ஷார்ட்டையும் அறுக்கும். லித்தியத்தின் உள் தடை ரொம்பக் குறைவு என்பதால் சாதாரண ஃபியூஸ் உருகினபிறகும் நடுவே தீப்பொறி நின்று எரிய வாய்ப்பிருக்கிறது.

230 பக்கம் பல இழை ஒயர், எர்த்து வண்டிச் சட்டத்தோடு சேர்ந்தது, மின்கசிவு வந்தால் இணைப்பை அறுக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. அந்தப் பக்கம் பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இன்வெர்ட்டர் ஓடும்போது உயிர் பெறும் பிளக் பாயின்ட்டில் சார்ஜரைச் செருகக்கூடாது. பேட்டரியிலிருந்து எடுத்து, இன்வெர்ட்டர் வழியாக, சார்ஜர் வழியாக, அதே பேட்டரிக்கே கொடுக்கும். வலது கையில் கொடுத்து இடது கையில் வாங்குவது. வழியில் இருவருக்கும் கமிஷன்.

மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஓட்டினேன். சார்ஜரில் 13.41, செயலியில் 13.33. இழப்பு 0.08. ஐந்து மணி நேரம் தாண்டியும் 30 ஆம்பியர் நின்று ஓடியது. 14.4ஐத் தொட்டபோது மானிட்டரில் 97. அதன்பின் ஆம்பியர் மளமளவென்று இறங்கி அரை மணிக்குள் 4க்கு வந்தது. இதுதான் லித்தியம் நிறையும் விதம். கடைசி வரை ஒரே மாதிரி வாங்கும், நிறைந்ததும் சட்டென்று வேண்டாம் என்றுவிடும்.

செயலியில் செல்களைத் தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்று மட்டும் 3.64க்கு ஓடிக்கொண்டிருந்தது, மற்ற மூன்றும் 3.58 பக்கம். புது பேட்டரியில் முதல் சில தடவை இப்படி இருக்கும். இன்னும் சற்று ஏறினால் பி.எம்.எஸ். அறுத்துவிடும் என்பதால் உச்சத்தை 14.2க்கு இறக்கினேன். ஃப்ளோட் 13.4. வெளி மின்சாரத்தில் நிற்கும்போது விளக்கும் ஃப்ரிட்ஜும் சார்ஜரிலிருந்தே ஓடும், பேட்டரி சும்மா கிடக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் 50 சதவீதத்துக்கு இறக்கி, சார்ஜரையே அணைத்துவிடுகிறேன். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை ஏற்றக்கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். என் பி.எம்.எஸ். அதைத் தடுக்கிறது. தடுக்காத பேட்டரி வைத்திருப்பவர்கள் வெப்ப சென்சாரோடு வரும் சார்ஜராகப் பார்க்கவும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது மூன்று வாரம் கழித்து என்ஜின் கிளம்பவில்லை. கடக் கடக் என்ற சத்தம் மட்டும். பழைய சார்ஜரில் ஒரு மூன்றாவது ஒயர் இருந்தது, மெல்லிய சிவப்பு. என்னவென்று தெரியாமல் டேப் சுற்றி ஓரமாகத் தள்ளியிருந்தேன். அதுதான் என்ஜின் பேட்டரிக்கு இத்தனை நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தது. புது சார்ஜரில் அந்த வழி கிடையாது. இருந்தாலும் லித்தியத்தின் கணக்கை ஆசிட் பேட்டரிக்குக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. 4 ஆம்பியரில் தனியாக ஒரு சின்ன ஆசிட் சார்ஜர் வாங்கி, அலமாரியின் அடித்தட்டில் பழைய சார்ஜர் இருந்த இடத்திலேயே வைத்து, அந்தச் சிவப்பு ஒயரில் சேர்த்தாயிற்று. ஓடும்போது டைனமோவிலிருந்து லித்தியத்துக்கு ஏற்றுவது தனி வேலை. அதற்காக இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துவிட்டுக்கொண்டிருந்த பழைய ரிலேயைக் கழற்றி வைத்திருக்கிறேன். நேராகச் சேர்த்தால் லித்தியம் கிடைத்ததையெல்லாம் வாங்கும், மெதுவாகச் சுற்றும் டைனமோ வெந்துபோகும். அதற்கு, நடுவே நின்று ஆம்பியரை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வர வேண்டும், அதற்கும் இதே கேபிள் கணக்குதான், இன்னும் நீளமாக.

அந்த 6 ஸ்கொயர் எம்.எம். கேபிள்கள் இன்னும் சுவர்ப் பலகைக்குள்தான் இருக்கின்றன. உருவ முடியவில்லை, எங்கோ கிளிப் அடித்திருக்கிறார்கள். இரண்டு முனையையும் மூடி, "இணைப்பு இல்லை" என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.